ரபாயேல் லெம்கின்: குற்றத்துக்குப் பெயர் வைத்தவர், நீதிமன்றத்தைக் காணாதவர்

இனப்படுகொலை என்ற சொல் எங்கள் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. மே மாதத்தில் அது பதாகைகளில் இருக்கும். ஜெனீவாக் கூட்டத்தொடர் நெருங்கும்போது அறிக்கைகளில் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது தெரியும். நாங்கள் சொல்லும் இந்தத் தமிழ்ச் சொல், ஜெனோசைட் என்ற சொல்லுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர்ப்பு. அந்த ஜெனோசைட் 1944 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு தடித்த சட்டப் புத்தகத்தின் மூலம்தான் உலகத்துக்கு வந்தது. இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் கொலை என்று பொருள்படும் லத்தீன் விகுதியையும் ஒட்டி அதைச் செய்தவர் போலந்திலிருந்து தப்பிவந்த ஒரு யூதச் சட்டத்தரணி. பெயர் ரபாயேல் லெம்கின்.

அவரைப்பற்றி நான் தமிழில் வாசித்தவை பெரும்பாலும் சொல்லோடு நின்றுவிடுகின்றன. சொல்லை உருவாக்கினார், ஐநா சமவாயம் வந்தது, வறுமையில் இறந்தார். மூன்று வரி. எனக்கு அவரில் அக்கறை வந்தது வேறொரு கேள்வியால். குற்றத்துக்குப் பெயர் வைத்தாயிற்று, சட்டமும் எழுதியாயிற்று, அதை யார் விசாரிப்பது? எங்கே விசாரிப்பது? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு மனுக்களும் சத்தியக் கடதாசிகளும் எழுதிக்கொடுக்கும் வேலையைச் சில வருடங்கள் செய்திருக்கிறேன். நான் சட்டம் படித்தவனல்ல. எழுதத் தெரிந்தவன், அவ்வளவுதான். அந்த மேசைக்கு வந்த அம்மாமார் கையெழுத்து வைத்துவிட்டுக் கேட்டதெல்லாம் ஒன்றுதான், இது எந்தக் கோட்டுக்குப் போகும் என்று. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு லெம்கினின் வாழ்க்கையை வாசித்தால் அது அந்த மூன்று வரிக்குள் அடங்காது.

லெம்கின் 1900 ஜூன் 24 அன்று வோல்கோவிஸ்க் நகருக்கு அருகே ஒரு பண்ணைக் கிராமத்தில் பிறந்தார். அப்போது அது றஷ்யப் பேரரசு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் போலந்து. இன்று பெலாரஸ். ஊர் நகரவில்லை, எல்லைகள்தான் நகர்ந்தன. யூதர்கள் விவசாயக் காணி வைத்திருக்க அந்தப் பேரரசில் தடை இருந்ததால், அவருடைய தகப்பன் குத்தகைக் காணியில் பயிர் செய்வதற்கே உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரிக்குக் கைக்கூலி கொடுக்கவேண்டியிருந்தது. தாய் பெலா படித்தவர், ஓவியம் வரைபவர், பல மொழிகள் தெரிந்தவர். மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைச் சிங்கங்களுக்கு இரையாக்கியதைச் சொல்லும் குவோ வாடிஸ் என்ற போலந்து நாவலைச் சிறுவன் ரபாயேல் வாசித்துவிட்டு, அவ்வளவு சனம் கூடியிருந்து கைதட்டியதே, ஒருவரும் ஏன் தடுக்கவில்லை என்று தாயைக் கேட்டிருக்கிறான். 1906இல், அதிக தூரத்தில் இல்லாத பியாலிஸ்டொக் நகரில் யூதர்கள் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. நாவலில் இருந்தது பக்கத்து நகரத்துக்கு வந்துவிட்டது.

முதலாம் உலகப் போர் அவர்களுடைய பண்ணையின் மீது நடந்தது. குடும்பம் புத்தகங்களையும் பெறுமதியான சாமான்களையும் நிலத்தில் புதைத்துவிட்டுக் காட்டுக்குள் ஒளித்தது. எறிகணைச் சூட்டில் வீடு எரிந்தது. பயிரும் மாடும் படையினரிடம் போயின. தம்பி சாமுவேல் சாப்பாடில்லாமலும் நெஞ்சுச்சளிக் காய்ச்சலிலும் இறந்தான். சாமானைப் புதைத்துவிட்டு ஓடுவது என்றால் என்ன என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அவரைச் சட்டத்தின் பக்கம் திருப்பியது ஒரு கொலை. 1921 மார்ச் 15 அன்று பெர்லின் வீதியொன்றில் சொகமொன் தெலிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். கொல்லப்பட்டவர் தலாத் பாஷா. 1915இல் ஆர்மீனியர்கள் ஊர் ஊராக எழுப்பிக் கொண்டுசெல்லப்பட்டு அழிக்கப்பட்டபோது ஒட்டோமான் அரசின் உள்துறை அமைச்சராக இருந்தவர். போருக்குப் பிறகு கொன்ஸ்தாந்திநோபிள் இராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலே அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. ஆனாலும் அவர் பெர்லினில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். தெலிரியனை ஜேர்மன் ஜூரி விடுதலை செய்தது.

அப்போது லுவோவ் நகரில், இன்றைய உக்ரேனின் லிவிவில், மாணவராக இருந்த லெம்கின் தன் பேராசிரியரிடம் இதைப் பற்றி வாதாடினார். ஒரு மனிதனைக் கொன்றவனுக்கு வழக்கு இருக்கிறது, லட்சக்கணக்கானோரைக் கொன்றவருக்கு ஏன் இல்லை என்பதுதான் அவருடைய கேள்வி. பேராசிரியர் ஒரு கோழி வளர்ப்பவரை உதாரணம் காட்டினார். அவர் தன் கோழிகளைக் கொன்றால் அது அவருடைய விசயம், வெளியில் இருந்து கேட்பவன் அத்துமீறுகிறான். அரசின் இறைமையை அந்தக் காலத்துச் சட்டம் அப்படித்தான் விளங்கிவைத்திருந்தது. லெம்கினுக்கு அது ஏறவில்லை. வீதி போடுவதும் பள்ளிக்கூடம் கட்டுவதும் வெளியுறவு நடத்துவதும் இறைமை, சொந்தச் சனத்தைக் கொல்வது இறைமை அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. அவர் சாகும்வரை எழுதியது எல்லாம் அந்தக் கோழிக் கதைக்குச் சொன்ன பதில் என்றுதான் நான் பார்க்கிறேன். அதேநேரம் தெலிரியன் செய்ததையும் அவர் வழியாக ஏற்றுக்கொள்ளவில்லை. பாதிக்கப்பட்டவனே துவக்கைத் தூக்கித் தீர்ப்பு எழுதவேண்டிவந்தால், அது சட்டம் இல்லாத இடம் என்பதற்கு அத்தாட்சி. 1927இல் பாரிஸில் இதேபோன்ற இன்னொரு வழக்கு வந்தது. உக்ரேனில் யூதர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க சைமன் பெட்லியூராவைச் சுட்ட ஷோலொம் ஷ்வார்ஸ்பார்ட்டும் விடுதலையானார். லெம்கின் அதைப்பற்றியும் எழுதினார்.

நிரந்தரமான உலக நீதிமன்றம் வேண்டும் என்ற யோசனை லெம்கினுடையது அல்ல. 1872இலேயே செஞ்சிலுவைச் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெனீவாவின் குஸ்தாவ் முவானியே அப்படியொரு நீதிமன்றத்துக்கு வரைவு எழுதினார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மன் பேரரசரை விசாரிக்க வெர்சாய் உடன்படிக்கையில் ஓர் உறுப்புரை எழுதப்பட்டது. ஒல்லாந்து அவரை ஒப்படைக்க மறுத்தது, கதை முடிந்தது. ருமேனியாவின் வெஸ்பாசியன் பெல்லா போன்ற சட்ட அறிஞர்கள் 1920களில் இதை விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1937இல் பயங்கரவாதிகளை விசாரிக்க ஒரு சர்வதேச நீதிமன்றத்தை உருவாக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதை ஒரு நாடும் ஏற்புறுதி செய்யவில்லை. லெம்கின் இந்த அறிஞர் வட்டத்துக்குள் ஓர் இளம் அரச வழக்குத் தொடுநராக நுழைந்தார். வார்சோவில் வேலை, போலந்துச் சட்டங்களைத் தொகுக்கும் குழுவில் செயலாளர் பதவி, பல மொழிகள் கைவசம்.

1933 ஒக்டோபரில் மட்ரிட்டில் குற்றவியல் சட்ட மாநாடு ஒன்று நடந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்து ஒன்பது மாதம். லெம்கின் அதற்கு எழுதிய அறிக்கையில் இரண்டு புதிய குற்றங்களைப் பிரேரித்தார். ஒரு மக்கள் கூட்டத்தை அந்தக் கூட்டம் என்பதற்காகவே அழிப்பது காட்டுமிராண்டித்தனம் என்ற குற்றம். அந்தக் கூட்டத்தின் கலை, பண்பாட்டுச் சொத்துகளை அழிப்பது நாசகாரம் என்ற குற்றம். இவற்றைச் செய்தவன் எந்த நாட்டில் பிடிபடுகிறானோ அந்த நாட்டு நீதிமன்றமே அவனை விசாரிக்கலாம் என்றும் எழுதினார். உலக நீதிமன்றம் வரும்வரை காத்திருக்கவேண்டாம், இருக்கிற கோடுகள் எல்லாவற்றையும் உலகத்தின் கோடுகளாக்கு என்பதுதான் அதன் பொருள். போலந்து அரசு அவரை மட்ரிட்டுக்குப் போகவிடவில்லை. அறிக்கை மட்டும் போனது. மாநாடு அதை ஒதுக்கிவைத்தது. வலதுசாரிப் பத்திரிகையொன்று அவர் யூதர்களுக்காகத்தான் கதைக்கிறார் என்று தாக்கியது. அடுத்த வருடம் அவர் அரச வேலையை விட்டு விலகவேண்டிவந்தது.

நூலகம் எரிந்த ஊர்க்காரர்கள் அந்த இரண்டாவது குற்றத்தைக் கவனிக்கவேண்டும். கொலையையும் புத்தகம் எரிப்பதையும் லெம்கின் தொடக்கத்திலிருந்தே ஒரே வேலையின் இரண்டு கைகளாகப் பார்த்தார். பின்னால் அவருக்கு அதில் பெரிய தோல்வி வந்தது. அதற்கு வருகிறேன்.

1939 செப்டெம்பரில் ஜேர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. லெம்கின் வார்சோவை விட்டு ஓடினார். ஏறிய புகையிரதத்தின் மேல் குண்டு விழுந்தது. பிறகு நடை. பகலில் காட்டுக்குள், இரவில் பாதையில். வழியில் ஒரு யூதப் பேக்கரிக்காரரின் வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. லெம்கின் தான் வாசித்திருந்த ஹிட்லரின் திட்டங்களைச் சொல்லி, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறச் சொன்னார். பேக்கரிக்காரர் நம்பவில்லை. போன போரிலும் ஜேர்மன்காரர் வந்தார்கள், அவர்களோடு வியாபாரம் செய்தோம், சமாளித்தோம் என்பது அவருடைய கணக்கு. அந்த மனிதரை நான் குறைசொல்லமாட்டேன். முன்பு வந்த ஆமியை வைத்து அடுத்து வரப்போகும் ஆமியைக் கணிப்பது சாதாரண சனம் எங்கும் செய்வதுதான்.

சோவியத் படை கிழக்கிலிருந்து வந்து பிடித்துவிட்ட வோல்கோவிஸ்கில் அவர் தாய் தகப்பனைக் கண்டார். கொஞ்ச நேரம்தான் தங்கமுடிந்தது. அவர்கள் தங்கள் வீட்டை விட்டு வர மறுத்தார்கள். மகன் போகவேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதுதான் கடைசிச் சந்திப்பு. லித்துவேனியா, லத்வியா வழியாக 1940இன் தொடக்கத்தில் சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஸ்டொக்ஹோமில் அவர் செய்த வேலைதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி. ஒரு வர்த்தக நிறுவனத்துக்கு ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவெங்கும் கிளைகள் இருந்தன. அவற்றின் உதவியோடு நாசிகள் ஒவ்வொரு நாட்டிலும் வெளியிட்ட கட்டளைகளையும் ஆணைகளையும் சேர்க்கத் தொடங்கினார். எங்கள் பாசையில் சொன்னால் வர்த்தமானி அறிவித்தல்கள். இரகசிய ஆவணம் ஒன்றும் இல்லை, எல்லாம் அச்சடித்துச் சுவரில் ஒட்டிய விசயம். யார் கையில் அடையாளப் பட்டி கட்டவேண்டும், யாருடைய கடையை எடுக்கலாம், யார் யாரை மணமுடிக்கக்கூடாது, எந்த மொழியில் பள்ளிக்கூடம் நடக்கலாம், யாருக்கு எவ்வளவு உணவுப் பங்கீடு. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு நிர்வாக உத்தரவு. அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரு மக்கள் கூட்டத்தைப் படிப்படியாக இல்லாமல் செய்யும் திட்டம். கொலை தொடங்குவதற்கு முன்பே கட்டளைகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன என்பதை அவர் கடதாசியிலிருந்தே காட்டினார். பாதிக்கப்பட்டவனின் கண்ணீரை நம்பமாட்டேன் என்பவனுக்கும் குற்றவாளியின் சொந்தக் கையெழுத்தைக் காட்டலாம் அல்லவா?

1941இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்தது. முன்பு போலந்தின் குற்றவியல் கோவையை அவரோடு சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்த பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். அத்திலாந்திக் வழி அடைபட்டிருந்ததால் மொஸ்கோவுக்குப் போய், சைபீரிய ரயிலில் விளாடிவொஸ்ரொக், அங்கிருந்து ஜப்பான், அங்கிருந்து கப்பலில் ஏறி ஏப்ரல் 18 அன்று சியாட்டில் துறைமுகத்தில் இறங்கினார். பெட்டிகளில் அந்தக் கட்டளைகள். சில வாரங்களில் தாய் தகப்பனிடமிருந்து ஒரு சிறிய கடிதம் வந்தது, நாங்கள் சுகம் என்று. ஜூன் 22 அன்று ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் அச்சு நாடுகளின் ஆட்சி என்ற அவருடைய புத்தகத்தை 1944இல் கார்னகி அறக்கட்டளை வெளியிட்டது. 600 பக்கங்களுக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவை அந்தக் கட்டளைகளின் மொழிபெயர்ப்பு. ஒன்பதாவது அத்தியாயத்தில் ஜெனோசைட் வருகிறது. அவருடைய வரைவிலக்கணம் இன்று சட்டத்தில் இருப்பதைவிட அகலமானது. ஒரே நேரத்தில் எல்லோரையும் கொல்வது மட்டும் அல்ல. ஒரு மக்கள் கூட்டம் உயிரோடு இருப்பதற்குத் தேவையான அத்திவாரங்களைத் திட்டமிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. அரசியல், சமூகம், பண்பாடு, பொருளாதாரம், பிறப்பு, உடல், சமயம், ஒழுக்கம் என எட்டுத் துறைகளில் அது நடக்கிறது என்று எழுதினார். இரண்டு கட்டங்கள் என்றார். முதலில் அடக்கப்பட்டவரின் வாழ்க்கை முறையை உடைப்பது, பிறகு அந்த இடத்தில் அடக்குபவரின் முறையைக் கொண்டுவந்து வைப்பது.

1945இல் நூரம்பேர்க் விசாரணை தொடங்கியது. லெம்கினின் சொல் குற்றப்பத்திரத்தில் ஏறியது. ஆனால் 1946 ஒக்டோபர் 1 அன்று முடிந்த தீர்ப்பில் அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களை ஆக்கிரமிப்புப் போரோடு தொடர்புடையவையாக மட்டும் அந்த நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. 1939க்கு முன் ஜேர்மனிக்குள் சொந்தக் குடிமக்களுக்குச் செய்தவை தண்டனைக்கு வெளியே போய்விட்டன. எல்லை தாண்டாத கொலைகாரன் இன்னும் கோழிக்காரன்தான். அந்தக் காலத்தில்தான் தன் உறவினர்களில் 49 பேர் இல்லை என்பதும், தாயும் தகப்பனும் அதில் அடக்கம் என்பதும் லெம்கினுக்கு உறுதியாகத் தெரியவந்தது. தமையன் எலியாசும் குடும்பமும் மட்டும் தப்பியிருந்தார்கள்.

அதே நூரம்பேர்க்கில் மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பைச் சாசனத்துக்குள் கொண்டுவர உதவியவர் ஹெர்ஷ் லவுட்டர்பாக்ட், கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அவரும் யூதர், அவரும் லுவோவில் சட்டம் படித்தவர், அவரும் குடும்பத்தை இழந்தவர். ஆனால் லெம்கினின் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டம் தனி மனிதனைத்தான் காக்கவேண்டும், கூட்டத்தைக் காக்கப்போனால் கூட்டங்களுக்கு இடையிலான பகை கூடும், கூட்டத்தை அழிக்கும் நோக்கத்தை நிரூபிப்பதும் கடினம் என்பது அந்தத் தரப்பின் வாதம். ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு பேர் தொடக்கிவைத்த இந்தத் தர்க்கம் இன்றும் முடியவில்லை. எங்களுக்குள்ளும் இது நடக்கிறது. போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றால் நிரூபிக்கலாம், இனப்படுகொலை என்றால் நோக்கத்தைக் காட்டவேண்டும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லும்போது, அப்படியானால் எங்களுக்கு நடந்ததன் பெயர் என்ன என்று சனம் கேட்கிறது. இரண்டு பக்கமும் நியாயமாகவே கேட்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நூரம்பேர்க்கில் தோற்ற கையோடு லெம்கின் ஐநாவுக்குப் போனார். எந்த நாட்டுக்கும் பிரதிநிதி அல்ல, எந்த அமைப்பும் அனுப்பவில்லை. கையில் ஒரு பழைய பெட்டி, தேய்ந்த சப்பாத்து. தாழ்வாரத்தில் நின்று பிரதிநிதிகளை மறித்துக் கதைப்பார். பெரிய நாடுகளைவிடச் சின்ன நாடுகள்தான் காதுகொடுத்தன. கியூபா, பனாமா, விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் வந்திருந்த இந்தியா ஆகிய மூன்றும் முன்மொழிந்த தீர்மானம் 1946 டிசம்பர் 11 அன்று நிறைவேறியது. இனப்படுகொலை சர்வதேசச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் என்று அது அறிவித்தது.

சமவாயத்தை வரைய 1947இல் மூன்று நிபுணர்கள் அழைக்கப்பட்டார்கள். லெம்கின், பெல்லா, நூரம்பேர்க்கில் நீதிபதியாக இருந்த பிரான்சின் தொன்தியே தெ வாப்ர். அவர்களுடைய வரைவோடு ஒரு சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கான மாதிரிச் சாசனங்களும் இணைக்கப்பட்டிருந்தன. பண்பாட்டு இனப்படுகொலையும் அதில் ஒரு குற்றம். மற்ற இருவரும் அதற்கு உடன்படவில்லை, லெம்கின் அதை விடவில்லை.

பிறகு அரசுகளின் கைக்கு வரைவு போனது. 1948 இலையுதிர் காலத்தில் பாரிஸில் நடந்த கூட்டங்களில் ஒவ்வொரு அரசும் தன்னைக் கடிக்கக்கூடிய பல்லைப் பிடுங்கியது. அரசியல் குழுக்கள் பாதுகாப்பிலிருந்து நீக்கப்பட்டன. பண்பாட்டு இனப்படுகொலை வாக்கெடுப்பில் தோற்றது. பழங்குடிகளையும் குடியேற்ற நாடுகளையும் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பகுதி பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. ஒரு கூட்டத்தின் பிள்ளைகளைப் பலவந்தமாக இன்னொரு கூட்டத்துக்கு மாற்றுவது என்ற ஒன்று மட்டும் தப்பியது. ஆகவே எங்கள் மேடைகளில் நூலக எரிப்பைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று சொல்லும்போது, லெம்கின் எழுதி அரசுகள் வெட்டிய ஒரு வரியைத்தான் சொல்கிறோம். சமவாயத்தில் அது இல்லை. வேறு வழியில் ஒரு சின்னத் திறப்பு பிறகு வந்தது. மாலி நாட்டின் திம்புக்டுவில் பழைய சமாதிகளை இடித்ததற்காக 2016இல் ஹேக் நீதிமன்றம் ஒருவருக்கு ஒன்பது வருடச் சிறை கொடுத்தது. அது போர்க்குற்றம் என்ற தலைப்பில்.

நீதிமன்றத்துக்கு என்ன நடந்தது? முதலில் வெட்டப்பட்டது, பிறகு பாதி உயிரோடு திரும்பிவந்தது. ஆறாவது உறுப்புரை சொல்வது இதுதான். குற்றம் நடந்த நாட்டின் நீதிமன்றம் விசாரிக்கலாம், அல்லது ஒரு சர்வதேச நீதிமன்றம் இருந்தால், அதன் அதிகாரத்தை ஏற்றுக்கொண்ட நாடுகளைப் பொறுத்து அது விசாரிக்கலாம். எங்கும் பிடித்து விசாரிக்கலாம் என்ற லெம்கினின் பழைய வழி விடுபட்டது. இனப்படுகொலை பெரும்பாலும் அரசின் கையால்தான் நடக்கிறது. அதை விசாரிக்க முதலில் குறிக்கப்பட்ட இடம் அதே அரசின் நீதிமன்றம். உள்ளகப் பொறிமுறை என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்களுக்கு இந்த உறுப்புரையின் வயது தெரிந்திருப்பது நல்லது.

லெம்கின் இதையெல்லாம் விழுங்கிக்கொண்டார். நீதிமன்றத்துக்காகவோ பண்பாட்டுக்காகவோ சமவாயத்தையே பணயம் வைக்க அவர் தயாராக இருக்கவில்லை. முதலில் சட்டம் இருக்கட்டும், கோடு பிறகு வரட்டும். அது சரியான முடிவா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அன்று பிடிவாதமாக நின்றிருந்தால் ஒன்றுமே கிடைத்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பிறகு எவ்வளவு நீளமானது என்பதை அவர் கணிக்கவில்லை. 1948 டிசம்பர் 9 அன்று பொதுச்சபை சமவாயத்தை ஒருமனதாக ஏற்றது. அதே நாளில் ஒரு நிரந்தர நீதிமன்றம் தேவையா, சாத்தியமா என்று ஆராயும்படி சர்வதேச சட்ட ஆணைக்குழுவையும் கேட்டது. 1951இலும் 1953இலும் வரைவுச் சாசனங்கள் வந்தன. ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்று வரையறுக்காமல் நகரமுடியாது என்று சொல்லி 1954இல் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

சமவாயம் நடைமுறைக்கு வர 20 நாடுகள் வேண்டும். முதலில் வந்தது எத்தியோப்பியா. அந்த முதல் வரிசையில் இலங்கையும் இருக்கிறது. 1950 ஒக்டோபர் 12 அன்று இலங்கை சமவாயத்தில் இணைந்தது, ஐநாவில் உறுப்புரிமை கிடைப்பதற்கு ஐந்து வருடம் முன்பு. மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த சட்டங்கள் வந்து அப்போது இரண்டு வருடமும் ஆகவில்லை, சரியாகச் சொன்னால் குடியுரிமைச் சட்டத்துக்கு இரண்டு வருடம், தேர்தல் சட்டத் திருத்தத்துக்கு அதைவிடக் குறைவு. 1951 ஜனவரி 12 அன்று சமவாயம் நடைமுறைக்கு வந்தது.

அதன் பிறகு வரும் பக்கம் எனக்குக் கசக்கிறது. 1951 டிசம்பரில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சார்பில் வில்லியம் பற்றர்சனும் போல் றொப்சனும் ஐநாவிடம் ஒரு மனு கொடுத்தார்கள். கும்பல் தூக்கில் கொன்றது, பொலிஸ் வன்முறை, பட்டினி, நோய் எல்லாவற்றையும் அடுக்கி, சமவாயத்தின் சொற்களை வைத்தே அமெரிக்க அரசின் மீது இனப்படுகொலைக் குற்றம் சுமத்தினார்கள். லெம்கின் அதை எதிர்த்தார். பாகுபாடு வேறு, இனப்படுகொலை வேறு என்றும், இது கம்யூனிஸ்டுகளின் திசைதிருப்பல் என்றும் பகிரங்கமாகச் சொன்னார். அமெரிக்க செனட்சபை சமவாயத்தை ஏற்புறுதி செய்யவேண்டும் என்று அவர் அப்போது மன்றாடிக்கொண்டிருந்தார்; தென்மாநில செனட்டர்களைப் பகைக்க முடியாது. சோவியத் ஆட்சி உக்ரேனியருக்குச் செய்ததை 1953இல் அதே சொல்லால் அழைத்தபோது அவருக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. தன் பெற்றோரை இழந்த மனிதர், இன்னொரு சனம் தன் இழப்புக்கு அந்தப் பெயரைக் கேட்டுவந்தபோது கதவைச் சாத்தினார். அப்படிச் சாத்தியும் பயன் கிடைக்கவில்லை. அமெரிக்கா ஏற்புறுதி செய்தது 1988இல்.

கடைசி வருடங்களில் அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. யேல், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களில் கொஞ்சக் காலம் படிப்பித்தார். நிலைக்கவில்லை, ஏனென்றால் படிப்பிக்கும் நேரத்திலும் அடுத்த நாட்டின் ஏற்புறுதிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மன்ஹற்றனில் ஒற்றை அறை, கடன். கலியாணம் செய்யவில்லை. நோபல் சமாதானப் பரிசுக்குப் பல தடவை பிரேரிக்கப்பட்டார், கிடைக்கவில்லை. உலக வரலாற்றில் நடந்த இனப்படுகொலைகளைப் பற்றிப் பல பாகங்களில் எழுதத் தொடங்கிய பெரிய நூலைப் பதிப்பாளர்கள் திருப்பியனுப்பினார்கள். 1959 ஓகஸ்ட் 28 அன்று நியூயோர்க்கில் மாரடைப்பில் இறந்தார். வயது 59. அவருடைய 1946ஆம் வருடத் தீர்மானத்தைத் தூக்கிப்பிடித்த இந்தியா சமவாயத்தை ஏற்புறுதி செய்தது அதற்கு முதல்நாள், ஓகஸ்ட் 27. அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருக்குமா என்று நான் நினைத்துப்பார்ப்பதுண்டு. இறுதிச் சடங்குக்கு ஏழு பேர்தான் வந்தார்கள் என்று சொல்கிறார்கள். முடிக்காமல் விட்ட சுயசரிதை 2013இல்தான் புத்தகமானது.

அலுமாரியில் பூட்டிய வரைவை மறுபடி எடுக்க 1989இல் திரினிடாட் அன்ட் ரொபாகோ கேட்டது. பொஸ்னியாவும் ருவாண்டாவும் நடந்த பிறகு பாதுகாப்புச் சபை இரண்டு தற்காலிக நீதிமன்றங்களை அமைத்தது. 1998 ஜூலை 17 அன்று ரோம் சாசனம் 120 நாடுகளின் வாக்கோடு நிறைவேறி, 2002 ஜூலை 1 முதல் ஹேக்கில் நிரந்தர நீதிமன்றம் வந்தது. இனப்படுகொலை பற்றிய அதன் ஆறாவது உறுப்புரை 1948ஆம் வருட வரைவிலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. இலங்கை அந்தச் சாசனத்தில் சேரவில்லை. ஆகவே இலங்கை தானாக அதிகாரத்தை ஏற்றால் அல்லது பாதுகாப்புச் சபை அனுப்பினால் மட்டுமே இங்கே நடந்தது அந்த வாசலுக்குப் போகும். மேசைக்கு வந்த அம்மாமாருக்கு நான் இதைத்தான் சொல்லவேண்டியிருந்தது. இன்னொரு கதவு இருக்கிறது. சமவாயத்தில் கையெழுத்திட்ட ஒரு நாடு இன்னொரு நாட்டைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். றொஹிஞ்சா மக்களுக்காகக் காம்பியா 2019இல் மியன்மாரை அப்படித்தான் இழுத்தது. ஆனால் அங்கே அரசு அரசோடு வழக்காடும். தனி ஆட்களைக் கூண்டில் ஏற்றும் இடம் அது அல்ல.

லெம்கினின் சமவாயத்தை வைத்து ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முதலில் ஒரு மனிதனைக் குற்றவாளியாகக் கண்டது 1998 செப்டெம்பர் 2 அன்று. ருவாண்டாவுக்கான தற்காலிக நீதிமன்றம், தபா என்ற ஊரின் மேயர் ஜீன் போல் அகயேசு. மூன்று நீதிபதிகளில் ஒருவர் தென்னாபிரிக்கத் தமிழரான நவநீதம்பிள்ளை. பின்னர் ஹேக் நீதிமன்றத்தின் நீதிபதியாகி, ஐநா மனித உரிமை ஆணையாளராக 2013 ஓகஸ்டில் எங்கள் ஊர்களுக்கும் வந்துபோனவர். பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு வழி என்று முதன்முதலில் சொன்ன தீர்ப்பு அது. அந்தக் குற்றச்சாட்டு முதலில் குற்றப்பத்திரத்தில் இருக்கவில்லை. வேறொரு விசயத்துக்குச் சாட்சி சொல்லவந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். மற்றப் பெண்களும் சொன்னார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரம் திருத்தி எழுதப்பட்டது.